முதல் அடுக்கு

கௌனஸ் மருத்துவமனையின் நிலவறையில்
சன்னல் இல்லாத அறை.
வெளியே பனி பெய்கிறதா என்பதை
அழைப்பவர்களின் மூக்கடைப்பில்தான் அறிகிறேன்.
"வணக்கம், உதவி மேசை, உக்னே பேசுகிறேன்."
மூன்று குளிர்காலமாக இதே வாக்கியம்.
தூக்கத்திலும் சொல்கிறேனாம்.
அதைச் சொன்னவன் இப்போது உடன் இல்லை.

இடப்பக்க நாற்காலியில் இருந்த தௌமந்தஸ்
நெட்வொர்க்குக்குப் போனான்.
கூரைப் பலகைகளுக்கு மேலேதான் இப்போது வாசம்.
கீழே நமக்குத் தெரிவது ஓர் ஏணி,
இரண்டு ஈரக் காலணிகள்.
ஷிவிலே பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தாள், சம்பளம் இரட்டிப்பு.
பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன்;
திறக்காமல் என்னை அழைத்து
"நீதான் அனுப்பினாயா?" என்று கேட்டாள்.
குவிதாஸ் சான்றிதழ்த் தேர்வில் மூன்று முறை தோற்று
டிராலிபஸ் ஓட்டப் போய்விட்டான்.
கம்பி கழன்றால் இறங்கி, கோலை இழுத்து,
பொறி பறக்க மாட்டிவிட்டு
சன்னல் வழியே எனக்குக் கையசைக்கிறான்.
அவனைப் பார்த்தால் தோற்றவன் போல் இல்லை.

நான் மட்டும்
"அணைத்துவிட்டுப் போடுங்கள்" சொல்லிச் சொல்லி
நாக்கு தேய்ந்தவள்.

சம்பளச் சீட்டில் என் பெயருக்கு நேரே: முதல் அடுக்கு.
அடுக்கு என்றால் மேலே ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்?
மேலாளர் தந்த வரைபடத்தில்
ஒரு சின்னக் கட்டத்திலிருந்து ஆறு அம்புகள் கிளம்பின.
படிக்கட்டை மட்டும் யாரும் வரையவில்லை.

நான்காம் வார்டின் இரவுச் செவிலி கெனோவைதே
நவம்பரிலிருந்து அழைக்கிறார்.
கடவுச்சொல் சரி, கணினிதான் மறுக்கிறது.
மறுதொடக்கம், சரியானது, மூடப்பட்டது.
மறுதொடக்கம், சரியானது, மூடப்பட்டது.
நாற்பத்தொரு புகார்கள்,
பாதியை மூடியவள் நான்.

ஒரு ஞாயிறு இரவு தொலைபேசி அயர்ந்து கிடந்தது.
ஆறிப்போன பீட்ரூட் சூப்பைப் பக்கத்தில் வைத்து
நாற்பத்தொன்றையும் ஒரே கதையாகப் படித்தேன்.
படித்துவிட்டு முதன்முறையாக
நான் அவரை அழைத்தேன்.
உங்கள் சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன?
மூன்று பத்து.
திரையில்?
அவர் கண்ணாடியைத் தேடும் சத்தம்.
மூன்று மூன்று.

ஏழு நிமிடம். அவ்வளவுதான்.
ஐந்துக்கு மேல் பிந்தி வருபவரை
வாசலிலேயே நிறுத்திவிடும் சர்வர்,
கடவுச்சொல் எவ்வளவு உண்மையாய் இருந்தாலும்.
மறுதொடங்கினால் மணி ஒத்துப்போகும்,
பிறகு மறுபடி சொட்டுச் சொட்டாய் ஒழுகும்.

அதைச் சரிசெய்ய எனக்கு அனுமதி இல்லை.
எழுதி மேலே அனுப்பினேன்.
காலையில் கூரையிலிருந்து தௌமந்தஸின் குரல்:
"எப்படிக் கண்டுபிடித்தாய்?"
"படித்தேன்."
"எதை?"
"நாம் மூடியதை."
காலணிகள் கொஞ்ச நேரம் அசையவில்லை.

வியாழக்கிழமை நேர்காணல், சர்வர் பிரிவு, மூன்றாம் மாடி.
அங்கே சன்னல் இருந்தது.
நேமுனஸ் ஆற்றின் மேல் பனித்தகடு,
கடக்கலாமா என்று ஒரு நாய் முன்காலால் தட்டிப் பார்த்தது.
ஐந்தாண்டில் எங்கே இருப்பீர்கள் என்றார்கள்.
நாய் பின்வாங்கியது.
மன்னிக்கவும், மறுபடி கேட்கிறீர்களா, என்றேன்.
ரௌட்டிங் பற்றிய கேள்விக்குத் தெரியாது என்றேன்.
"தெரியாதபோது என்ன செய்வீர்கள்?"
"கடைசியாக எப்போது வேலை செய்தது என்று கேட்பேன்."
ஒருவர் குறித்துக்கொண்டார்.
இன்னொருவர் கைபேசியில் இருந்தார்.

பதில் வரவில்லை இன்னும்.
இன்று அதிகாலை மூன்று பத்துக்கு நான்காம் வார்டு அழைத்தது.
வழக்கமான வாக்கியத்தை முடிப்பதற்குள்
"ஒன்றுமில்லை, உக்னே," என்றார் கெனோவைதே,
"எல்லாம் வேலை செய்கிறது.
அதைச் சொல்ல யாருக்கு அழைப்பது என்று தெரியவில்லை."

அழைப்பைப் பதிவு செய்தாக வேண்டும்.
பிரச்சனையின் வகை என்ற பட்டியலில்
மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டு
'மற்றவை' என்று போட்டேன்.
மூடவில்லை.